வலி இருந்தா வாங்க

எங்க வீட்டு பீரோவுக்கு மேல ஒரு கட்டப்பை இருக்கு, ஏதோ கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தப்போ கடைல குடுத்தது. அதுக்குள்ள ரெண்டு எக்ஸ்ரே, ஒரு எம்ஆர்ஐ கவர், ரத்த டெஸ்ட் பேப்பர் ஒரு கத்தை, நாலு டாக்டரோட சீட்டு, பாதி தின்ன மாத்திரை அட்டைங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்தப் பையோடதான் போவேன். அவங்க பிரிச்சுப் பாப்பாங்கன்னு இல்ல, பாதிப் பேர் ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்துல கூட பாக்க மாட்டாங்க, ரிப்போர்ட்டோட கடைசி ரெண்டு வரியைப் படிச்சுட்டு மூடிருவாங்க. எனக்கு அது சாட்சி. கை உடைஞ்சா மாவுக்கட்டு இருக்கும், காய்ச்சல்னா தெர்மாமீட்டர் சொல்லும், இடுப்புல கிளம்பி இடது கால் கட்டவிரல் வரைக்கும் இறங்குற வலிக்கு என்ன இருக்கு, நான் வாயால சொல்றதுதான் இருக்கு. அது பத்தாதுன்னு எப்பவோ புரிஞ்சு போச்சு, அதான் பை.

பையோட நின்னிருந்தா பரவாயில்ல. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, டாக்டர்கிட்ட போற அன்னைக்கு நான் நல்ல புடவை கட்ட மாட்டேன், பவுடர் போட மாட்டேன், பூ வைக்க மாட்டேன். ஒரு தடவை ரிசப்ஷனுக்குப் போற வழியில கிளினிக்ல எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு பட்டுப்புடவை, மல்லிப்பூவோட போயிட்டேன். டாக்டர் நிமிந்து பாத்து சிரிச்சுக்கிட்டே "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க"ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா அந்தப் புடவையைக் கட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, கொசுவம் வைக்க குனிஞ்சு, முடியாம கட்டில்ல படுத்து, மறுபடி எந்திரிச்சு, கடைசில என் பெரிய பொண்ணு வந்து கீழ மடிப்பைப் புடிச்சா, அதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும். அதுல இருந்து கிளினிக் வாசல்ல செருப்பு கழட்டும்போதே கொஞ்சம் கூடுதலா நொண்ட ஆரம்பிச்சேன். பொய்யா இல்ல, நிஜமா இருக்குறதுக்கு மேல ஒரு கால் பங்கு.

"பத்துக்கு எவ்வளவு வலி?"ன்னு கேப்பாங்க இல்ல, அதுலயும் இதே கதைதான். மனசுல ஆறுன்னு தோணும், வாயில எட்டுன்னு வரும். ஆறுன்னா பாராசிட்டமால் எழுதி அனுப்பிருவாங்க, எட்டுன்னா எந்திரிச்சு வந்து தொட்டாவது பாப்பாங்கன்னு ஒரு கணக்கு. அந்தப் பக்கம் அவங்களும் இவ எட்டுன்னா அஞ்சுதான் இருக்கும்னு மனசுக்குள்ள கழிச்சுக்குவாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், அதனால அடுத்த தடவை ஒம்பது. காந்தி மார்க்கெட்ல சின்ன வெங்காயத்துக்குப் பேரம் பேசற மாதிரி ரெண்டு பேரும் உள்விலை வேற வச்சுக்கிட்டு வெளிவிலை வேற சொல்லிக்கிட்டு இருந்தோம்.

எனக்கு வலி ஆரம்பிச்சது 2017. அதுக்கு முந்தின வருஷம் சின்னவன் சிசேரியன்ல பொறந்தான். நம்மூர்ல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா, "முதுகுல ஊசி போட்டாங்க இல்ல, அதுல இருந்துதான்". நானும் அதைத்தான் நம்பினேன், முதல் டாக்டர்கிட்ட அதைத்தான் முதல் வாக்கியமா சொன்னேன். அவர் என்னை முடிக்க விடல, "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா, அப்படி ஒண்ணும் கிடையாது"ன்னு வெட்டி விட்டுட்டாரு. அவர் சொன்ன விஷயம் சரிதான், இப்ப எனக்குத் தெரியும், ஊசி போட்ட எடத்துல சில நாள் வலி இருக்கலாம், வருஷக்கணக்கா நிக்கிற இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் இல்ல. பிள்ளை தூக்கறது, பால் குடுக்கும்போது கோணி உக்கார்றது, தூக்கமே இல்லாதது, இதெல்லாம்தான் அந்த நேரத்துல இடுப்பைப் புடிக்குது. ஆனா அவர் சரியா சொன்னதுனால எனக்கு என்ன ஆச்சுன்னா, அவர் கேட்ட அடுத்த பத்து கேள்விக்கும் நான் ஒத்த வார்த்தைல பதில் சொன்னேன். என் வலிக்கு நான் வச்சிருந்த ஒரே காரணத்தைப் புடுங்கிட்டு பதிலுக்கு வேற காரணம் எதுவும் குடுக்கல பாருங்க.

நோயாளி பேச ஆரம்பிச்சா டாக்டருங்க எவ்வளவு நேரத்துல குறுக்க வர்றாங்கன்னு 1984-லயே அமெரிக்காவுல பெக்மேன், ஃபிராங்கெல்னு ரெண்டு பேர் அளந்திருக்காங்க. சராசரி 18 செகண்ட். படிச்சப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, 18 செகண்ட்ல நான் முன்கதையே முடிச்சிருக்க மாட்டேன்.

எம்ஆர்ஐ எடுத்தது 2019, எனக்கு 38 வயசு. எல் ஃபோர் எல் ஃபைவ்ல டிஸ்க் பல்ஜ்னு வந்துச்சு, அதாவது இடுப்புப் பக்கம் முதுகெலும்புல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை மாதிரி வட்டு பிதுங்கியிருக்கு. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு சந்தோஷம். ஸ்கேன் சென்டர் வாசல்லயே வீட்டுக்காரருக்கு போன் பண்ணி "பாத்தீங்களா, இருக்குது"ன்னேன், ஏதோ பரிட்சைல பாஸான மாதிரி. ரிப்போர்ட்டைப் பாத்த எலும்பு டாக்டர் "தேய்மானம்"னு ஒரு வார்த்தை சொன்னாரு. அந்த வார்த்தை இருக்கே, அது ஒரு தடவை காதுல விழுந்துட்டா போகாது. குனிஞ்சா தேயும், நடந்தா தேயும், மாடிப்படி ஏறினா தேயும், செருப்பு மாதிரி நான் தேஞ்சுக்கிட்டே இருக்கேன்னு நினைச்சு ரெண்டு வருஷம் குடம் தூக்கல, கோலம் போடல, சின்னவனை இடுப்புல வச்சதே இல்ல. அப்புறம் வேற ஒருத்தர் அதே ஃபிலிமைப் பாத்துட்டு "இதுல ஒண்ணும் இல்லையே"ன்னாரு. ஒரே படம்தான், ஒருத்தருக்கு தேஞ்சிருக்கு, ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்ல.

ரெண்டு பேருமே எங்கிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. 2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, முதுகு வலியே இல்லாத 3,000 பேருக்கு மேல அவங்க ஸ்கேனை வச்சுப் பாத்திருக்காங்க. வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்ல 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கு, 40 வயசுல 50 சதவீதம், 80 வயசுல 84. அதாவது என் வயசுல நல்லா ஓடியாடிட்டு இருக்குற ரெண்டு பேரைப் புடிச்சு மெஷினுக்குள்ள தள்ளினா ஒருத்தருக்கு என் ரிப்போர்ட்டே வரும். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, அன்னைக்கு இருந்த மனநிலைல "இவர் என் சாட்சியையும் கலைக்கிறாரு"ன்னு கோவப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அடுத்து மாத்திரை கதை. இதுல தப்பு என் மேலயும் இருக்கு.

மூணாவது டாக்டர் ராத்திரி படுக்கப் போகும்போது ஒண்ணு போடுங்கன்னு சின்ன மாத்திரை ஒண்ணு எழுதினாரு, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். எதுக்குன்னு சொல்லல, நானும் கேக்கல. மெடிக்கல்ல இருந்த தம்பி சீட்டைப் பாத்துட்டு குரலைத் தாழ்த்தி "அக்கா, தூக்கம் வரலையா, மனசு சரியில்லையா"ன்னு கேட்டான். வீட்டுக்கு வந்து போன்ல தேடினா மனச்சோர்வுக்கான மாத்திரைன்னு வருது. அவ்வளவுதான். அந்த ஆளு நான் சொன்ன எதையுமே நம்பல, எல்லாம் மனசுலதான்னு முடிவு பண்ணி, அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்ல தைரியமில்லாம சீட்டுல எழுதிட்டாருன்னு அழுதேன். ரெண்டு மாத்திரை போட்டேன், வாய் வறண்டுச்சு, காலைல எந்திரிக்க முடியல, அட்டையைத் தூக்கிக் கட்டப்பைல போட்டுட்டேன். அடுத்த மாசம் போனப்போ "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன் சார்." "கேட்டுச்சா?" "கேக்கல சார்." அவரு பாவம், அந்த மாத்திரை எனக்கு வேலை செய்யலைன்னு குறிச்சுக்கிட்டு வேறொண்ணுக்கு மாத்தினாரு. என் உடம்புல நடக்காத ஒரு சோதனையோட முடிவை நான் அவருக்குக் குடுத்துட்டேன்.

அது நரம்பு வலிக்கு ரொம்ப காலமா குடுக்குற மாத்திரைங்க. மனச்சோர்வுக்குன்னா 75 மில்லிகிராம், அதுக்கு மேலன்னு போகும், வலிக்கு 10-ல ஆரம்பிப்பாங்க, தண்டுவடத்துல வலி சேதி மேல ஏறுறதைக் கொஞ்சம் அடக்கும், பலன் தெரிய சில வாரம் ஆகும், வாய் வறட்சியும் காலைல மந்தமும் ஆரம்பத்துல சகஜம். இந்த நாலு விஷயத்தையும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், நான் வீட்ல கடிகாரம் வச்சுப் பாத்தேன், நாப்பது செகண்ட்.

டாக்டருங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. ஒருத்தர்கிட்ட நான் "முன்னாடி ஒரு தடவை டிரமடால் குடுத்தாங்க சார், அது நல்லா கேட்டுச்சு"ன்னு ஒரு பலமான வலி மாத்திரை பேரைச் சொன்னேன், அந்த நிமிஷமே அவர் முகம் மாறிடுச்சு, நாற்காலியே கொஞ்சம் பின்னாடி போன மாதிரி இருந்துச்சு. அப்ப புரியல. அந்த மருந்தை 2018-ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அதே மாதிரி இன்னொரு வலி மாத்திரை டேபென்டடால், அதைக் கரைச்சு ஊசியா ஏத்திக்கிற பசங்களைப் பத்தி நியூஸ்ல வராத மாசம் இல்ல, பேரைச் சொல்லி வலி மாத்திரை கேக்குற யாரைப் பாத்தாலும் அவருக்கு வயித்துல புளியைக் கரைக்கும். வெளிய அறுபது டோக்கன் வேற காத்திருக்கு. 67 நாட்டுல டாக்டர் ஒரு நோயாளியைப் பாக்குற நேரத்தை ஒப்பிட்டு 2017-ல ஒரு கட்டுரை வந்துச்சு, சுவீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல, பங்களாதேஷ்ல 48 செகண்ட், நம்ம நாடு ரெண்டு நிமிஷம் சொச்சம். ரெண்டு நிமிஷத்துல யாரு யாரை நம்புறது.

நாலாவதா போனது ஒரு வலி சிகிச்சை கிளினிக், 2022-ல, மயக்க மருந்து படிச்ச மேடம் ஒருத்தங்க. வழக்கம் போல நொண்டிக்கிட்டு, பையை மேஜை மேல வச்சேன். அவங்க அதை மெதுவா ஓரமா நகத்தி வச்சுட்டு "இதை அப்புறம் பாப்போம், நீங்க சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு பகீர்னு ஆச்சு, வக்கீல் இல்லாம கோர்ட்ல நிக்கிற மாதிரி. கூட வந்த வீட்டுக்காரர் வழக்கம் போல பேச ஆரம்பிச்சாரு, மத்த டாக்டருங்க எல்லாம் அவரைப் பாத்துதான் பேசுவாங்க, "சார், மேடத்துக்கு ரெஸ்ட் குடுங்க"ன்னு. இவங்க "சார், அவங்க சொல்லட்டும், விட்டதை நீங்க சேருங்க"ன்னாங்க.

பத்துக்கு எவ்வளவுன்னு கேக்கல. எரியுதா, குத்துதா, குடையுதா, சுரீர்னு இழுக்குதா, மதமதன்னு இருக்கா, கடுக்குதா, விண்விண்னு தெறிக்குதான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க, எந்த எடத்துல எதுன்னு. எனக்கு ஆச்சரியம், இடுப்புல கடுக்குது, தொடைக்குப் பின்னாடி இழுக்குது, கட்டவிரல்ல எரியுது, மூணும் வேற வேறன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. கனடாவுல மெல்சாக்னு ஒருத்தர் 1975-ல வலியைச் சொல்ற வார்த்தைங்களை 78-ஆ சேத்து 20 கூட்டமா பிரிச்சு ஒரு கேள்வித்தாளே போட்டிருக்காரு, நம்ம பாட்டிங்களை உக்கார வச்சிருந்தா இன்னும் இருபது சேத்திருப்பாங்க. எரியுது, மதமதன்னு இருக்குன்னா நரம்புப் பக்கம் யோசிப்பாங்களாம். அப்புறம் படுக்க வச்சு காலை நேரா தூக்கினாங்க, கட்டவிரலை மேல தூக்கச் சொல்லி "நான் அமுக்குறேன், விடாதீங்க"ன்னு அமுக்கினாங்க, குதிகால்ல நடக்கச் சொன்னாங்க, யூரின் கன்ட்ரோல் இருக்கான்னு கேட்டாங்க. அஞ்சு வருஷத்துல என் கால் விரலைத் தொட்ட முதல் டாக்டர்.

"உங்களுக்கு என்ன தோணுது, எதனால வந்துச்சு?"ன்னும் கேட்டாங்க. முதுகு ஊசின்னு சொல்ல வாய் வரல, திட்டு விழும்னு பயம். இழுத்து இழுத்து சொன்னேன். சிரிக்கல. எத்தனை மாசம் கழிச்சு ஆரம்பிச்சது, ஊசி போட்ட எடமும் இப்ப வலிக்குற எடமும் ஒண்ணான்னு கேட்டுட்டு, "நான்தாங்க அந்த ஊசி போடுற ஆளு, தினம் போடுறேன், அதனால ஒரு தலைப்பட்சமா சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சு விளக்கினாங்க. முதல் டாக்டர் சொன்ன அதே விஷயம்தான். ஆனா இந்த வாட்டி உள்ள போச்சு.

அவங்க சொன்ன ஒரு உதாரணம். வீட்ல நாய் வளக்குறோம், ஒரு நாள் ராத்திரி நிஜமாவே திருடன் வர்றான், நாய் கத்து கத்துன்னு கத்துது. திருடன் போயிட்டான், ஆனா நாய்க்கு பயம் தெளியல, அடுத்த நாள்ல இருந்து பால்காரரைப் பாத்தாலும் குரைக்குது, கொடில காயுற லுங்கி ஆடினாலும் குரைக்குது. "நாய் பொய் சொல்லலைங்க, அதுக்கு நிஜமாவே திருடன் மாதிரிதான் தெரியுது. ஆனா ஒவ்வொரு தடவையும் திருடன் இருக்கான்னு அர்த்தம் இல்ல. உங்க வலி நிஜம். உள்ள ஏதோ உடைஞ்சுக்கிட்டே இருக்குன்னு அது காட்டல." வலியைப் பத்தின உலக அளவிலான சங்கம் 2020-ல வலிக்கான விளக்கத்தைத் திருத்தி எழுதினப்போ, ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும்னு குறிப்பாவே சேத்திருக்காங்க, அதை நான் பின்னாடி படிச்சேன். படிக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு நாய் போதுமா இருந்துச்சு.

"முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்"னாங்க. மத்தவங்க எல்லாரும் போயிடும்னு சொன்னவங்கதான். கடைசியா இன்னொண்ணு. நம்மூர்ல எந்த டாக்டரும் சீட்டைக் குடுத்துட்டு "வலி இருந்தா வாங்க"ம்பாங்க, இல்லையா. இவங்க "குறைஞ்சாலும் வாங்க, குறையலைன்னாலும் வாங்க, நாலு வாரம் கழிச்சு வியாழக்கிழமை"ன்னு தேதி எழுதினாங்க. ஆட்டோல வரும்போதுதான் உறைச்சுது, வலி இருந்தா வாங்கன்னா வலிதான் டிக்கெட்டு. டிக்கெட் இல்லாம உள்ள விட மாட்டாங்கன்னா மனுஷன் எப்படியாவது டிக்கெட் எடுத்துட்டுத்தான் போவான், உடம்பும் அப்படித்தான் போல. ஃபோர்டைஸ்னு சியாட்டல்ல ஒரு உளவியல்காரர் அம்பது வருஷம் முன்னாடியே இதைப் புடிச்சிருக்காரு, மருந்தையும் ஓய்வையும் வலியைப் பாத்துக் குடுக்காதீங்க, கடிகாரத்தைப் பாத்துக் குடுங்கன்னு.

அந்த முதல் நாள் இருபத்தஞ்சு நிமிஷம் உள்ள இருந்தேன், வெளிய வந்தப்போ பெஞ்சுல இருந்தவங்க முறைச்ச முறைப்பு இருக்கே. நானும் அந்த மாதிரி பெஞ்சுல உக்காந்து முறைச்சவதான். ஆனா அடுத்தடுத்த தடவை எல்லாம் ஆறு நிமிஷம் தாண்டல. மூணாவது தடவை கட்டப்பைல இருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்து மேஜைல வச்சேன், ரெண்டு குழி மட்டும் காலி. "மேடம், இது கேக்கலைன்னு சொன்னேன் இல்ல, நான் சாப்பிடவே இல்ல." பின்னாடி திருப்பிப் பாத்தாங்க. "எக்ஸ்பைரி ஆயிடுச்சுங்க"ன்னு குப்பைத் தொட்டில போட்டுட்டு, புதுசா அதே மாத்திரையை எழுதினாங்க, வாய் வறளும், காலைல தள்ளாடினா பாதியா போடுங்கன்னு சொல்லி. இப்ப வலி மூணு, சில நாள் ஏழு. கோலம் போடுறேன், புள்ளிக் கோலம் வேணாம்னு விட்டுட்டேன்.

அம்மாவைக் கூட்டிட்டுப் போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அதுக்கு 2006-ல இருந்து வரணும். அந்த வருஷம் தமிழ்நாடு பூரா சிக்குன்குனியா, எங்க உறையூர் தெருவுல வீட்டுக்கு ரெண்டு பேர். அந்தப் பேருக்கே உடம்பு வளைஞ்சு போறதுன்னு அர்த்தமாம், தான்சானியாவுல 1952-ல முதல்ல கண்டப்போ அந்த ஊர் மக்கள் பாஷைல வச்ச பேரு. எங்க தெருவும் அப்படித்தான் இருந்துச்சு, குழாயடில எல்லாரும் குனிஞ்ச மேனிக்கு, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு, நிலவேம்புக் கசாயத்தைக் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு. யாரும் யாரையும் "நிஜமாவே வலிக்குதா"ன்னு கேக்கல. தெருவே நொண்டும்போது எதுக்குக் கேக்கணும். மூணு நாலு மாசத்துல ஒவ்வொருத்தரா நிமிந்தாங்க. எங்கம்மா மட்டும் நிமிரல, மணிக்கட்டு, முட்டி, கணுக்கால், காலைல எந்திரிச்சா கை மடங்காது. அப்ப எனக்கு 25 வயசு, வேலைக்குப் போற அவசரத்துல ஒரு நாள் சொன்னேன், "எல்லாருக்கும் சரியாயிடுச்சு, உனக்கு மட்டும் என்னம்மா?" அவங்க பதில் சொல்லல. அதுக்கப்புறம் வலின்னே சொன்னதில்ல, கேட்டா "வாய்வு"ம்பாங்க. ஒரு டாக்டர் வாய்வுன்னதும் சிரிச்சாரு, அதோட அங்கயும் நிறுத்திட்டாங்க.

மேடம் அம்மாகிட்ட "எப்பம்மா ஆரம்பிச்சது?"ன்னு கேட்டாங்க. "அது கெடக்கு கண்ணு, பரவாயில்ல"ன்னாங்க அம்மா. மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. ஃபேன் சத்தம் மட்டும். நான் வாயைத் திறக்கப் போனேன், மேடம் என்னைப் பாத்த பார்வைல மூடிக்கிட்டேன். அப்புறம் அம்மா தானா, "அந்த வருஷம் எங்க தெருவுல எல்லாருக்கும் வந்துச்சுங்க"ன்னு ஆரம்பிச்சு, பத்து நிமிஷம் விடாம சொன்னாங்க. விடிகாலைல நாங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வெந்நி வச்சு கையை அதுல முக்கி விரலை மடக்கிப் பழக்கிட்டுத்தான் எங்களை எழுப்புவாங்களாம், மாடிப்படில உக்காந்து உக்காந்தே இறங்குவாங்களாம், "இவ பாத்தா கோவிப்பா"ன்னு என்னைக் காட்டி. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. மேடம் முட்டியை மடக்கிப் பாத்துட்டு, அந்தக் காய்ச்சல்ல சிலருக்கு மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மூட்டு வலி நிக்கிறது உண்டு, இப்ப வயசுக்கான மூட்டு வலியும் சேந்திருக்கும்மான்னு சொன்னாங்க. அம்மா எதுவும் சொல்லாம தலையாட்டினாங்க, என்னைத் திரும்பிப் பாக்கல.

ஆட்டோல சீட்டை மடிச்சு சுருக்குப் பைல வைக்காம கைலயே வச்சிருந்தாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தேதியை மட்டும் விரலால தொட்டுப் பாத்துட்டு, "அடுத்த மாசம் பதினாலாம் தேதின்னு போட்டிருக்கு, லீவு சொல்லி வச்சிரு"ன்னாங்க.